பத்தொன்பதாவது குறை

காரை விற்கிறவர்கள் கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று எழுதி, கீழே போன் நம்பர் போட்டு ஒட்டுவார்கள். கடலூரில் நான் பார்த்த வண்டியெல்லாம் அப்படித்தான். நான் வேலை பார்த்த வீட்டு ஐயா ஒட்டிய தாளில் அதெல்லாம் மேலே ஒரே வரியில் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே 'இந்த வண்டியில் உள்ள குறைகள்' என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டு, வரிசையாக இருபத்து மூன்று குறைகளை எழுதியிருந்தார். ஒவ்வொரு குறைக்கும் எதிரே 'காரணம்' என்று தனியாக ஒரு கட்டம்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் அந்தத் தாளை இன்றைக்கும் பார்க்காமல் சொல்வேன். ஒன்று, ஓட்டுகிறவர் பக்கக் கதவின் உள்ளே ஒரு கீறல். காரணம், என் மோதிரம். நான்கு, பின் சீட்டில் காப்பிக் கறை, ஐந்து ரூபாய்க் காசு அளவு. காரணம், ஆலப்பாக்கம் வேகத்தடையைக் கவனிக்காமல் போனது. பதினொன்று, டிக்கியில் பலாப்பழ வாசனை, மழை நாளில் மட்டும் தெரியும். காரணம், பண்ருட்டியிலிருந்து ஒரு பழம், ஒரே ஒரு முறை.

பத்தொன்பதுதான் விஷயம். இடது பக்க ஜன்னல்களைச் சுற்றி ஓடும் வெள்ளிக் கம்பி மங்கியிருக்கிறது. காரணம், தெரியவில்லை.

அந்தக் கம்பி மங்கியதற்குக் காரணம் நான்தான். அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. ஆறு வருஷம் தெரியாது.

ஐயாவின் பேரைச் சொல்லப் போவதில்லை. மஞ்சக்குப்பத்தில் அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் "அந்தக் காரணம் கேக்கறவரா?" என்றுதான் சொல்வார்கள். சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றைச் சோதித்துச் சொல்லும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உருவம். மடித்துவிட்ட அரைக்கைச் சட்டை என்று சொன்னால் சிரிப்பீர்கள். அரைக்கையையும் ஒரு மடிப்பு மடிப்பார். பையில் பேனா, பூதக்கண்ணாடி, சின்ன நோட்டு. தெரு நாயைக்கூட "தள்ளிப் படுங்க" என்றுதான் சொல்வார். மரியாதையில் குறை வைக்க மாட்டார். கேள்வியிலும் குறை வைக்க மாட்டார். சத்தம் போட்டுச் சிரித்து மட்டும் யாரும் கேட்டதில்லை.

மேல்பட்டாம்பாக்கம் பக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. புதுச்சாலை போடுவதற்கு அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. அந்தப் பணம் வந்ததும் மற்றவர்கள் மனை வாங்குவார்கள், நகை வாங்குவார்கள். இவர் வெளிநாட்டுக் கம்பெனியின் பெரிய சொகுசுக் காராக ஒன்று வாங்கிக்கொண்டு வந்து நின்றார். மயில் கழுத்து நிறம். கதவைச் சாத்தினால் சத்தமே வராது. உள்ளே உட்கார்ந்தால் மெத்தை நம்மை வாங்கிக்கொள்ளும். "இது எதுக்குங்க நமக்கு?" என்று அந்த வீட்டு அம்மா, ஐயாவின் மனைவி, கேட்டதற்கு அவர் சொன்னார்:

"ரோடு போட்டது என் நிலத்து மேல. அதுல நல்ல வண்டியில ஒரு தடவயாவது நான் போயி பாக்க வேணாமா?"

ஒரு தடவை இல்லை, வாரம் தவறாமல் போனார்.

அந்த வண்டியைத் துடைக்கத்தான் என்னைச் சேர்த்தார்கள். அதற்கு முன்னால் நான் பாத்திரக்காரி. கல்யாண வீடுகளில் அண்டா குண்டான் தேய்ப்பேன். திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கத்தில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் குத்துவிளக்கு என் கைக்கு வந்த பிறகுதான் பூஜை அறைக்குப் போகும். "உன் கை பட்டா பித்தளைக்குப் பவுன் நெனப்பு வந்துடும்" என்பார்கள். அது பொய்யில்லை. அப்படிப்பட்ட எனக்கு, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஐயா துணி பிழியச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பக்கெட். ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். மேலிருந்து கீழே வர வேண்டும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. வெயிலில் தொடக் கூடாது.

"ஐயா, நான் நாப்பது வருஷமா தேய்க்கறவ" என்றேன்.

"தெரியும். அதான் எனக்கு பயம்" என்றார்.

எனக்குக் காதில் புகை வராத குறை. ஆனாலும் அவர் சொன்னபடியே செய்தேன். சொல்கிறேன், எட்டு வருஷத்தில் அந்த வண்டி மேல் ஒரு கீறல் என்னால் விழவில்லை. கீறல்தான் விழவில்லை.

அவருடைய குணம் தெரிய வேண்டும் என்றால் சத்தத்தின் கதையைச் சொல்ல வேண்டும். வண்டி வாங்கிய மூன்றாம் மாதம், பின்பக்கம் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். பள்ளத்தில் இறங்கினால் வரும், மேட்டில் வராது. பாண்டிச்சேரி கம்பெனியில் காட்டினார். அவர்கள் ஓட்டிப் பார்த்தார்கள், சத்தம் வரவில்லை. மறுபடி காட்டினார், மறுபடி வரவில்லை. ஐயா தூங்கவில்லை. கதவின் உள்பக்கத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் வண்டியில் ஏற்றினார்.

"நீங்க பின்னாடி அம்மா பக்கத்துல உக்காருங்க. காத மட்டும் குடுங்க. பேசாதீங்க."

சிதம்பரம் வரை போனோம். அவர்கள் மகள் அண்ணாமலை நகரில் இருக்கிறாள், அவளைப் பார்க்கத்தான் வழக்கமாகப் போவது. ஆலப்பாக்கம் தாண்டி, புதுச்சத்திரம் தாண்டி, வெள்ளாற்றுப் பாலம் வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா தன் வளையலில் நாலைந்து ஊக்குகளைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார். நம் பெண்கள் எல்லாரும் செய்வதுதான். வண்டி குலுங்கும்போது அந்தக் கை, கதவின் கைப்பிடியில் மோதும். பாண்டிச்சேரி கம்பெனிக்கு அம்மா போகவில்லை, அதனால் அங்கே சத்தமும் போகவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை, அம்மாவின் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். சத்தம் நின்றது. விட்டேன். டிக் டிக்.

ஐயா வண்டியை ஓரம் கட்டினார். திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று அம்மா நினைத்தார். அவர் கேட்டது, "மொத்தம் எத்தனை ஊக்கு?"

"இப்ப இது ரொம்ப முக்கியம்!" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அன்று முழுக்க ஐயாவின் முகத்தில் இருந்த நிம்மதியை நான் பார்த்தேன். சத்தம் போனதால் வந்த நிம்மதி இல்லை. ஏன் என்று தெரிந்ததால் வந்தது.

இனி என் கதை. அதை நானேதான் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வருஷம் ஆயுத பூஜை. வண்டிக்கு மாலை போட்டுப் பொட்டு வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். முந்தின நாள் ஐயாவும் அம்மாவும் நெய்வேலியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள், வேறு யாரோ வண்டியில். நான் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலைச் சுற்றி ஒரு வெள்ளிக் கம்பி ஓடும், நகையில் கரை கட்டினதுபோல. கழுவினேன், பளபளப்புத்தான். ஆனால் என் கண்ணுக்கு அது போதவில்லை. நாளைக்குப் பூஜை. என் கை பட்ட பொருள் பூஜையில் நிற்கிறது என்றால் சும்மா இருக்குமா? வீட்டுக்குப் போய் புளியும் அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு வந்தேன். குத்துவிளக்குக்குச் செய்வதுபோலவே புளியைத் தடவி ஊறவிட்டு, சாம்பல் தொட்டு, இடது பக்கம் முழுக்கத் தேய்த்தேன். கழுவினேன்.

பவுன் வரவில்லை. வெள்ளை பூத்துவிட்டது. வயசானவர்களின் கண்ணில் பூ விழுமே, அப்படி.

நல்லவேளை, வலது பக்கத்தைத் தொட்டிருக்கவில்லை. நாரையும் சாம்பலையும் முந்தானையில் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் மாலை போடும்போதே ஐயா கண்டுபிடித்துவிட்டார். பூதக்கண்ணாடியை எடுத்தார். பூஜை ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. பிறகு என்னிடம் வந்தார்.

"நீங்க இதுல ஷாம்பு தவிர வேற எதாவது போட்டீங்களா?"

"நீங்க குடுத்தது தவிர நான் எதையும் தொடல ஐயா" என்றேன். முகம் கொஞ்சம்கூட மாறாமல் சொன்னேன்.

அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நோட்டில் என்னவோ எழுதி, அதன்மேல் ஒரு கோடு போட்டு அடித்தார். பிறகு ஒரு நாள் அந்த நோட்டு திறந்து கிடந்தபோது எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'துடைப்பவர்' என்று எழுதி அடித்திருந்தார்.

அவர் தேட ஆரம்பித்தார். கடல் காற்று இடது பக்கமாக வருகிறது, உப்புத்தான் தின்கிறது என்று முதலில் நினைத்தார். வண்டியைத் திருப்பி நிறுத்தினார். ஒரு வருஷம் வலது பக்கம் கடலைப் பார்த்தது. வலது பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் பொடிப்பொடியாக உரசின கோடுகள் தெரிகின்றன, அதனால் கடற்கரை மணலாக இருக்கும் என்றார். மணலைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, ஒரு பழைய கம்பியில் தேய்த்துப் பார்த்தார். பாண்டிச்சேரிக்கு நாலு தடவை போனார். "மாத்திடலாம் சார், புதுசு போட்டுடலாம்" என்றார்கள். "புதுசு போட்டா இது ஏன் ஆச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். இதையெல்லாம் நான் அந்த வண்டிக்குப் பக்கத்தில், கையில் துணியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. எதிர் வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயம் ஆன கல்யாணம் நின்றுபோனபோது, தெருவே ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்ததே தவிர ஒருத்தர் வாய் திறக்கவில்லை. ஐயா நேராகப் போய் அந்தப் பெண்ணின் அப்பாவிடம், "ஏன் நின்னுச்சு?" என்று கேட்டார். அந்த மனுஷன் அதற்கப்புறம் ஐயாவைப் பார்த்தால் கதவைச் சாத்திக்கொள்வார். ஐயாவுக்கு அதன் காரணமும் விளங்கவில்லை. "நான் தெரிஞ்சிக்கத்தானே கேட்டேன்" என்று என்னிடம் சொன்னார். எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

ஆனால் என் வீட்டுக்காரர் இறந்துபோன வருஷம் ஒன்று நடந்தது.

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் சரிந்து உட்கார்ந்தார். வாயு பிடித்துக்கொண்டது என்று நினைத்து நான் சோடா வாங்கிக் கொடுத்துப் படுக்கவைத்தேன். அரை மணி கழித்துத்தான் ஆட்டோ பிடித்தேன். மத்தியானம் முடிந்துபோனது. கருமாதியன்று என் நாத்தனார் எல்லார் முன்னாலும், "சோடா குடுத்து எங்கண்ணன அனுப்பி வெச்சுட்டா" என்றாள். அதை நான் தொண்டையில் வைத்துக்கொண்டு நடமாடினேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

பதினேழாம் நாள் வேலைக்குப் போனேன். தெருவில் எல்லாரும், "விதி, என்னா பண்றது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஐயா எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். எத்தனை மணிக்கு விழுந்தார், வாய் எந்தப் பக்கம் கோணியது, பேசினாரா, தலை வலிக்கிறது என்றாரா, முந்தின நாள் என்ன சாப்பிட்டார், ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அவுங்களே நொந்துபோயி வந்திருக்காங்க. நீங்க என்னங்க போலீஸ்காரங்க மாதிரி!" என்று அம்மா அதட்டினார். அவர் நிறுத்தவில்லை. எனக்கும் நிறுத்த வேண்டாம் போலிருந்தது. யாருமே கேட்காததை அவர் கேட்டார்.

ஆஸ்பத்திரிச் சீட்டை என்னிடம் வாங்கிக்கொண்டு போனார். சிதம்பரத்தில் அவருக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார். மூன்றாம் நாள் திரும்பி வந்து சொன்னார்:

"மூளையில பெரிய ரத்தக் குழாய் வெடிச்சிருக்கு. நீங்க ஆஸ்பத்திரி வாசல்லயே குடியிருந்திருந்தாலும் இது நடந்திருக்கும். அரை மணிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. சோடாவுக்கும் சம்பந்தம் இல்ல."

அதையே ஒரு தாளில் பெரிய பெரிய எழுத்தாக, நான் கூட்டிப் படிக்கிற மாதிரி எழுதிக் கொடுத்தார். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

அந்த நேரத்தில் நான் புளி விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. வரவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எட்டாம் வருஷம் ஐயாவின் லைசன்ஸ் போயிற்று. யாரும் பிடுங்கவில்லை, அவரே கொடுத்துவிட்டு வந்தார். புதுப்பிக்கப் போன இடத்தில் அதிகாரி ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போடப் போனாராம். இவர், "எனக்கு இடது கண்ணுல ஓரத்துல தெரியல, பாத்துட்டுப் போடுங்க" என்றாராம். அதோடு முடிந்தது. வண்டி வாசலிலேயே நின்றது. நான் தினமும் துடைத்தேன்.

அதே சமயம் சிதம்பரத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து மகள் முழுகாமல் இருக்கிறாள். டாக்டர் அவளை நடமாடவே கூடாது என்றுவிட்டார். அம்மா போக வேண்டும், போய்ப் பிரசவம் வரை கூடவே இருக்க வேண்டும். மகள் இருப்பது மாடி வீடு, கார் நிறுத்த இடமில்லாத சந்து. வண்டியை வெறும் வீட்டில் விட்டுவிட்டு வர ஐயாவால் முடியாது. ஐயாவை விட்டுவிட்டுப் போக அம்மாவால் முடியாது.

"எப்பிடிக்கா தனியா விட்டுட்டுப் போறது? குக்கர்ல சோறு வெந்துச்சான்னு பாக்க விசில் அடிக்கறதுக்குள்ள மூடியத் தொறக்கற மனுஷன்" என்றார் அம்மா. அவரைவிட நான் நாலு வயது மூத்தவள், அதனால் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஆக வண்டி விற்றால்தான் அம்மா சிதம்பரம் போகலாம் என்று ஆனது. அப்போதுதான் ஐயா அந்தத் தாளை ஒட்டினார்.

வருகிறவர்கள் வண்டியைப் பார்த்ததும் முகம் மலரும். உள்ளே உட்கார்ந்தால் இறங்க மனசு வராது. எல்லாம் தாளைப் படிக்கும் வரைதான். இருபத்து மூன்று குறை என்று எண்ணிவிட்டு, "யோசிச்சு சொல்றோம் சார்" என்று போய்விடுவார்கள். ஒரு கார் புரோக்கர் விடாமல் வந்துகொண்டிருந்தான். செம்மண்டலத்துக்காரன், வாயாடி.

"சார், எனக்குக் கமிஷனே வேணாம். இந்தப் பேப்பரக் கிழிச்சிப் போடுங்க, நாளைக்கே வண்டியத் தள்ளி வுட்டுர்றேன். பொண்ணு பாக்க வர்றவுங்ககிட்ட யாராவது பொண்ணோட பல்லு எக்ஸ்ரேவக் காட்டுவாங்களா?"

"வாங்கிட்டுப் போன பொறகு அவரே கண்டுபிடிச்சா, ஏன்னு யார்கிட்ட போயி கேப்பாரு?"

"கேக்க மாட்டாங்க சார்! உங்களத் தவிர எவனும் கேக்க மாட்டான்!"

மகளுக்கு ஏழாம் மாதம் ஆகிவிட்டது. அம்மா ஒரு பெட்டியில் துணியை அடுக்கிவைத்து, அதிலிருந்தே எடுத்துக் கட்டிக்கொண்டு, துவைத்து மறுபடி அதிலேயே அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் என்னிடம், "இந்தப் புள்ள பொறந்து பள்ளிக்கூடம் போற வரைக்கும் இந்த வண்டி விக்காதுக்கா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

அப்போது வந்தார் காட்டுமன்னார்கோயில் அரிசி ஆலைக்காரர். புரோக்கர்தான் கூட்டி வந்தான், அவனுக்கு மாமா முறையாம். மகன் கல்யாணத்துக்கு நல்ல வண்டியாக வேண்டும் என்று தேடுகிறவர். விவரமான ஆள். வண்டியின் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, அதன் அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்த்தார். கால் விரிப்பைத் தூக்கி மோந்து பார்த்தார். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் கையை விட்டுத் துழாவினார்.

"எங்கூர்ப் பக்கம் வெள்ளத்துல முழுவின வண்டி எத்தினியோ பாத்துட்டேங்க. கழுவிக் கழுவி விப்பானுங்க. கடலூர் வண்டின்னா எனக்கு இன்னும் பயம் ஜாஸ்தி, உப்புத் தண்ணி வேற."

ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு தாளைப் படித்தார். மற்றவர்களைப்போல இல்லை, படிக்கப் படிக்க அவருக்குச் சந்தோஷம் வந்தது. "பலாப்பழ வாசனையா!" என்று சிரித்தார். "மாமா, இப்பிடி ஒரு ஆள நான் பாத்ததில்ல" என்று புரோக்கர் குதித்தான். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பத்தொன்பதில் அவர் விரல் நின்றது.

"இன்னாங்க இது? மோதிரம் பட்ட கீறலுக்கெல்லாம் காரணம் எழுதியிருக்கீங்க. இதுக்கு மட்டும் தெரியலன்றீங்க?"

"தெரியலங்க. ஆறு வருஷமா தேடறேன்."

"ஒரு பக்கம் மட்டும் பூத்திருக்குது. உப்புத் தண்ணியில சாய்வா நின்ன வண்டி மாதிரி இருக்குது."

"நிக்கல."

"நிக்கலன்னா வேற இன்னா?"

"அதான் தெரியலன்றேன்."

அரிசி ஆலைக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். "இவ்ளோ எழுதற ஆளுக்கு இது தெரியலன்னா எனக்கு எங்கயோ இடிக்குதுங்க. மன்னிச்சிக்குங்க." செருப்பைத் தேடினார். அம்மா உள்ளே திரும்பினார். அந்த முதுகை என்னால் பார்க்க முடியவில்லை.

"புளி" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"புளியும் சாம்பலும் போட்டு நான்தான் தேய்ச்சேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாளு. குத்துவெளக்கு தேய்க்கற மாதிரி."

அரிசி ஆலைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மொதலாளியக் காப்பாத்த சொல்றீங்களா, ஆயா? காருக்கு எவளாவது புளி போடுவாளா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எவளாவது போட மாட்டா. நான் போடுவேன். திருப்பாதிரிப்புலியூர்ல வந்து கேளுங்க, என் கையப் பத்தி சொல்லுவாங்க!"

ஐயா இவ்வளவு நேரமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டு வரப்போகிறது என்று நினைத்தேன்.

"பழைய புளியா, புதுப் புளியா?"

"பழசுங்க ஐயா. கறுத்த புளி."

"எவ்வளவு நேரம் ஊறுச்சு?"

"ஒரு வெத்தல போட்டு முடிக்கற நேரம்."

"சாம்பல்?"

"எங்க வீட்டு அடுப்புது. சவுக்கு வெறகு."

அவர் அரிசி ஆலைக்காரரிடம் திரும்பினார். "ஒரு மணி நேரம் இருப்பீங்களா? உங்க கண்ணு முன்னாடியே பாத்துடலாம். வலது பக்கம் நல்லாத்தான இருக்கு. அதுல ஒரு ஜாண் தேய்க்கச் சொல்றேன்."

"சார்!" என்று புரோக்கர் அலறினான். "விக்கற வண்டி சார் அது!"

"நீங்க உங்க பைக்குல இவங்களக் கூட்டிட்டுப் போயி அந்தச் சாம்பல எடுத்துட்டு வந்துடுங்க. அதே சாம்பலா இருக்கணும்."

என் வயதில் முதல் தடவையாக மோட்டார் பைக்கில் ஏறினேன். கெடிலத்துக் கரையில் என் வீடு. போகும் வழியெல்லாம், "ஏன் ஆயா, இத்தினி வருஷம் கம்முனு இருந்தியே, இன்னும் பத்து நிமிஷம் கம்முனு இருந்திருந்தா அந்தாளு பஸ் ஏறிப் போயிருப்பாரு, நானும் வேற வேலையப் பாத்திருப்பேன்" என்று புலம்பிக்கொண்டே வந்தான். தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "ரோட்டப் பாத்து ஓட்டுடா" என்றேன்.

திரும்பி வரும்போது ஐயா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார், மடியில் கைக்கடிகாரம். அரிசி ஆலைக்காரருக்கு அம்மா காப்பி கொடுத்திருந்தார். வலது பக்கப் பின் ஜன்னல் ஓரத்தில் நான் புளியைத் தடவினேன். எல்லாரும் பார்க்க ஒரு வெற்றிலை போட்டேன். பிறகு நாரைச் சாம்பலில் தொட்டுத் தேய்த்தேன். தண்ணீர் ஊற்றினேன்.

பூத்திருந்தது. அதே வெள்ளை.

ஐயா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இடது பக்கம் போய்ப் பார்த்தார். மறுபடி வலது பக்கம் வந்தார். கண்ணாடியை அரிசி ஆலைக்காரர் கையில் கொடுத்து, அவரையும் அங்கேயும் இங்கேயும் நடக்கவிட்டார். பிறகு தாளை எடுத்து வந்து, பத்தொன்பதில் 'தெரியவில்லை' என்பதை அடித்து, 'புளி, சவுக்குச் சாம்பல், தேங்காய் நார்' என்று எழுதினார். கடைசியில் இருபத்து நான்கு என்று நம்பர் போட்டு, 'வலது பக்கம் ஒரு ஜாண் மங்கல். காரணம், பத்தொன்பதை நிரூபிக்க நானே செய்யச் சொன்னது' என்றும் எழுதினார்.

அரிசி ஆலைக்காரர் அதைப் படித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"விக்கற வண்டிய எங்கண்ணு முன்னாடியே கெடுத்துக் காட்டற ஆளுகிட்ட இனிமே இன்னாங்க கேக்கறது? அம்மா, ஒரு தட்டுல வெத்தல பாக்கு வெச்சுக் குடுங்க."

புரோக்கர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அம்மா முழங்கால் வலியை மறந்து நாலு படியையும் இறங்கி ஓடி வந்தார். வெள்ளிக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அவர்கள் போனதும் அம்மா மகளுக்குப் போன் போட்டு, "சனிக்கெழம அங்க இருப்போம்டி" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

வாசலில் ஐயாவும் நானும்தான். நான் பக்கெட்டைக் கவிழ்த்து வைத்தேன். சும்மா நிற்பதைவிட அது மேல்.

"அன்னிக்குக் கேட்டப்ப ஏன் சொல்லல?" என்றார். கோபமே இல்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பாரே, அதே குரல்.

"திட்டுவீங்கன்னு இல்ல ஐயா. என் கைவேலையில குத்தம்னு என் வாயால எப்பிடி சொல்றதுன்னுதான்."

தலையை ஆட்டினார். யோசித்தார். பிறகு அவர் கேட்டதை நான் எதிர்பார்க்கவேயில்லை.

"ஆறு வருஷமா நான் மணல அள்ளிட்டு வந்ததும், வண்டியத் திருப்பித் திருப்பி நிறுத்தினதும், எல்லாத்தையும் பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தீங்களே. அது எப்படி இருந்துச்சு?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். அந்த மனுஷனிடம் இரண்டாம் தடவை பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பாவமா இருந்துச்சு ஐயா" என்றேன். "சில நாளு சிரிப்பா இருந்துச்சு."

ஐயா சிரித்தார். முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

பாதி மடித்த புடவையோடு அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"யாருக்கா வந்திருக்கறது? யாரோ ஆம்பள சிரிக்கிற சத்தம் கேட்டுச்சே."